முதுகில் போடும் ஊசியும் நெஞ்சுச் சத்திரசிகிச்சையும்

நல்லூரில் நாம் நடத்தும் மாதாந்தக் கூட்டமொன்று முடிந்து எல்லோரும் கலைந்து செல்லும் வேளையில், விவசாயி ஒருவர் எம்மைத் தனியே அழைத்தார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். அறுபது வயதைத் தாண்டியவர். தமது செம்மண் காணிக்கு இன்னமும் திரும்ப முடியாமல், கோண்டாவில் பக்கம் குத்தகைக்கு எடுத்த ஏழு பரப்பில் வெங்காயமும் மிளகாயும் செய்து வருகின்றார். சில மாதங்களாக இறைப்புக்குப் போனால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் நோ. போதனா வைத்தியசாலையில் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர்கள், இருதயத்தின் மூன்று குழாய்களில் அடைப்பு இருப்பதாகவும் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது எனவும் கூறியிருந்தனர். அதன் பின் இரண்டு மாதமாக அவர் கிளினிக்குக்குப் போகவில்லை.

"சுவாமி, ஒரு விசயம் கேக்கவேணும். முதுகில ஒரு ஊசி போட்டிட்டு, ஆள் முழிச்சிருக்கேக்கயே நெஞ்சைத் திறக்கினமாம். இந்தியாவில செய்யினமாம். உண்மையே?"

"ஏன் ஐயா கேட்கிறீர்கள்?" என்றோம்.

"சாவுக்குப் பயமில்லை சுவாமி. நோவுக்குத்தான் பயம். அந்த நாளில மருந்தில்லாமல் ஆக்கள் கத்தினது இன்னும் காதுக்குள்ள கேக்குது."

அந்த நாள் என்று அவர் சொன்னது 1990களை. மருந்துப் பொருட்கள் குடாநாட்டுக்கு வருவதே கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. அந்த ஆண்டுகளில் காயப்பட்டவர்களோடு வைத்தியசாலை வாசலில் நின்றவர்களுக்கு அவருடைய பயம் விளங்கும். அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்ல எமக்குத் தெரியவில்லை. மயக்க மருந்து வைத்திய நிபுணர் ஒருவரிடமும், இத்துறை பற்றிய நூல்களிலும் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். இதே பயத்தை மனதில் வைத்துக்கொண்டு கிளினிக் திகதியைத் தவறவிடும் வேறு பலரும் எமது குடும்பங்களில் இருக்கின்றனர் என்பது எமக்குத் தெரியும்.

பைபாஸ் என்பது

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைக்கும் பம்ப். அந்தப் பம்புக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு செல்லும் நாடிகள் இருதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. கொழுப்புப் படிந்து அவை ஒடுங்கும்போது, வேலை கூடும் நேரத்தில் இருதயத் தசைக்கு இரத்தம் போதாமல் நோ உண்டாகின்றது. முற்றாக அடைபட்டால் மாரடைப்பு.

வாய்க்கால் ஓரிடத்தில் இடிந்து அடைபட்டால் நாம் என்ன செய்வோம்? அடைப்புக்கு மேலே வெட்டி, பக்கத்தால் புதிய வாய்க்கால் இழுத்து, அடைப்புக்குக் கீழே கொண்டுபோய் விடுவோம். பைபாஸ் அவ்வளவுதான். புதிய வாய்க்காலுக்குக் காலிலிருந்து எடுத்த நாளத்தையோ, நெஞ்சுச் சுவரின் உட்புறத்திலும் கையிலும் உள்ள நாடியையோ பயன்படுத்துவர். காலின் நாளத்தைக் கொண்டு இம்முறையைப் பரவச் செய்தவர் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த வைத்தியர் ரெனே ஃபவலோரோ. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1967இல் அவர் இதனைத் தொடங்கினார். இந்தியாவின் முதலாவது பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில் டொக்டர் கே. எம். செரியன் அவர்களால் செய்யப்பட்டது. எமது மக்கள் இதற்காகக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போக வேண்டியிருந்த காலம் நீண்டது. அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேயே இருதய சத்திரசிகிச்சைகள் நடைபெறுகின்றன.

இருதயத்தை அடைய நெஞ்சின் நடு எலும்பை மேலிருந்து கீழாக அரிந்து இரு பக்கமும் விரிக்க வேண்டும். வழமையாக நோயாளி முழு மயக்கத்தில் இருப்பார். தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரம் அவருக்காக மூச்சு விடும். அந்நேரம் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐயா பயந்த நோ சத்திரசிகிச்சை மேசையில் வரும் நோ. உண்மையில் கவனிக்க வேண்டியது, மயக்கம் தெளிந்த பின் வரும் முதல் மூன்று நான்கு நாட்களின் நோ.

நோ ஏன் ஆபத்தானது?

"நோ தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போய்விடும்" என்று எம்மவர் சொல்வதுண்டு. நெஞ்சுக் காயத்தில் அது சரிவராது. நெஞ்சு நொந்தால் மனிதன் மேலோட்டமாகவே மூச்சு விடுவான். இருமமாட்டான். இருமாவிட்டால் சளி சுவாசப்பையின் அடிப்பாகத்தில் தேங்கும். காற்றுப் போகாத பகுதி சுருங்கிவிடும். பின்னர் அங்கே கிருமி தொற்றி நியுமோனியா உண்டாகும். வடிகால் இல்லாத பள்ளக் காணியில் மாரி வெள்ளம் நின்று பயிர் அழுகுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. கடும் நோவில் உடல் அட்ரினலின் போன்ற பொருட்களைச் சுரக்கின்றது. இருதயம் வேகமாக அடிக்கின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது. இப்போதுதான் ஒட்டுப்போட்ட இருதயத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நேரத்தில் அது இரட்டிப்பு வேலை செய்கின்றது. எனவே இச்சத்திரசிகிச்சையில் நோவைக் குறைப்பது நோயாளியின் வசதிக்காகச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

ஊசி எங்கே போகின்றது?

முள்ளந்தண்டின் நடுவே முண்ணாண் செல்கின்றது. உடலின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் நோச் செய்தியைக் கொண்டுவரும் நரம்புகள், முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையால் நுழைந்து முண்ணாணை அடைகின்றன. முண்ணாணைச் சுற்றித் தடித்த உறை ஒன்று உண்டு. அவ்வுறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே, கொழுப்பும் மெல்லிய நாளங்களும் நிறைந்த ஒடுங்கிய இடைவெளி இருக்கின்றது. அந்த இடைவெளிக்குள் மருந்தைச் செலுத்துவதே எபிடியூரல் முறை. இதனை முதலில் விவரித்து எழுதியவர் ஃபிடெல் பாஹேஸ் என்னும் ஸ்பானிய இராணுவ வைத்தியர். ஆண்டு 1921. மொரோக்கோ யுத்தத்தில் காயப்பட்ட படையினருக்குச் சிகிச்சை அளித்தவர் அவர்.

வைத்தியர் நோயாளியை முன்னால் குனிந்து இருக்கச் செய்து, முதுகைச் சுத்தம் செய்து, தோலை விறைக்கச் செய்தபின் ஊசியை மெல்ல மெல்ல உள்ளே செலுத்துவார். ஊசியின் பின்புறத்தில் திரவம் நிரப்பிய சிரிஞ்ச் இருக்கும். தசைநார்களுக்குள் ஊசி நிற்கும்போது சிரிஞ்சை அழுத்தினால் இறுக்கமாக இருக்கும். இடைவெளியை எட்டியதும் இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும். அந்த ஒரு கணத்தை விரல் நுனியால் அறிவதே அந்த வைத்தியரின் கைத்திறன். கிணறு வெட்டுபவன் கல்லைக் கடந்து ஊற்றுக்கண்ணைத் தொட்டதைச் சவளின் ஒலியிலேயே அறிவது போல என்று நாம் நினைத்துக்கொண்டோம். பின் ஊசிக்குள்ளால் நூல் போன்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, ஊசியை வெளியே எடுத்துவிடுவர். முதுகில் தங்குவது குழாய் மட்டுமே. அதன் வழியாகப் பியூபிவக்கெயின் போன்ற விறைப்பு மருந்து, சில வேளைகளில் ஃபென்ரனில் போன்ற நோநீக்கியும் சேர்ந்து, துளித்துளியாக நாள் கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

நோச் செய்தி ஏன் தடைப்படுகின்றது? கிளை வாய்க்கால் பெரிய வாய்க்காலில் சேரும் வாயில் மண் போட்டு அடைத்தால், அந்தக் கிளையின் தண்ணீர் மாத்திரம் வராது. மற்றக் கிளைகள் ஓடும். விறைப்பு மருந்து அப்படித்தான் தான் நிற்கும் மட்டத்து நரம்புகளின் வாயை மாத்திரம் சில மணித்தியாலங்களுக்கு அடைக்கின்றது. மருந்து நின்றதும் அடைப்பு விலகும். பிள்ளைப்பேற்றுக்கு எபிடியூரல் போடுவது நாரியில். நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் போடுவது கழுத்து முடியும் இடத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். நாரியில் ஊசி போகும் மட்டத்தில் முண்ணாண் முடிந்துவிட்டிருக்கும். மேலே அப்படியன்று, உறைக்கு அப்பால் முண்ணாண் நிற்கின்றது. ஆகவே இதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

மேல் முதுகில் போடும் மருந்துக்கு மேலதிக நன்மை ஒன்றும் உண்டு. இருதயத்தை வேகப்படுத்தும் நரம்புகளும் அதே மட்டத்திலிருந்தே புறப்படுகின்றன. அவையும் தணிவதால் இருதயம் நிதானமாக அடிக்கின்றது. ஆனால் அதே காரணத்தால் இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். அதனைக் கண்காணித்தபடியே மருந்து கொடுக்க வேண்டும்.

விழித்திருந்தவர்கள்

ஐயா கேட்டது உண்மையே. துருக்கியின் அங்காரா நகர வைத்தியர்கள், எபிடியூரல் மருந்தை மட்டும் கொண்டு, நோயாளி விழித்திருந்து தாமே மூச்சுவிட்டபடி இருக்கப் பைபாஸ் செய்ததாக 2000ஆம் ஆண்டில் எழுதினர். எமக்கு அண்மையில், பெங்களூரில், வொக்கார்ட் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விவேக் ஜவளியும் மயக்க மருந்து நிபுணர் டொக்டர் முரளி சக்கரவர்த்தியும் அவர்களது குழுவினரும் இதில் நீண்ட அனுபவம் பெற்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களுக்கான பைபாஸைக்கூட எபிடியூரலை மட்டும் கொண்டு செய்ததை 2003இல் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். 2005இல், செயற்கை இருதய சுவாச இயந்திரத்தை இணைத்த நிலையிலும் விழித்திருந்த நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்ததை எழுதினர்.

ஆனால் அதே 2005இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கணக்குத்தான் எமக்கு முக்கியமாகப் படுகின்றது. இருதய சத்திரசிகிச்சையின்போது எபிடியூரல் போடப்பட்ட 2,113 பேரின் விபரம் அது. இவர்களில் பெரும்பான்மையோர் விழித்திருந்தவர்கள் அல்லர். முழு மயக்கமும் கொடுத்து, அதனோடு எபிடியூரலும் சேர்த்தே செய்தார்கள். விழித்திருக்கும் முறை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஆனால் அது தேர்ந்தெடுத்த சிலருக்கு, உதாரணமாக முழு மயக்கத்தைத் தாங்க முடியாத அளவுக்குச் சுவாசப்பை பழுதடைந்தவர்களுக்கு, உகந்த ஒன்றாகவே கருதப்பட்டது. விழித்திருப்பவரின் நெஞ்சைத் திறக்கும்போது சுவாசப்பையைச் சுற்றியுள்ள மென்சவ்வு கிழிந்தால் அவர் மூச்சுக்குத் திணறுவார். காலிலிருந்து நாளம் எடுத்தால் அந்தக் காயத்தின் நோவை மேல் முதுகு ஊசி தடுக்காது, அதற்கு வேறாக மருந்து வேண்டும். ஆகவே "முழிச்சிருக்க வேணுமோ" என்று பயந்தவர்களுக்குச் சொல்கின்றோம்: எவரையும் கட்டாயப்படுத்தி விழித்திருக்கச் செய்வதில்லை.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் போடுவதில்லை?

இதுதான் ஐயாவின் மகள் எம்மிடம் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. காசு இல்லாதவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் என்பதால் தமக்கு மறுக்கிறார்களோ என்ற ஐயம் அவளது குரலில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரிசையில் நின்று, இல்லை என்ற சொல்லையே கேட்டுப் பழகியவர்களிடம் அந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் இங்கே காரணம் வேறு.

பைபாஸ் செய்யும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் என்னும் மருந்தைப் பெருமளவில் கொடுக்கின்றனர். இயந்திரத்துக்குள் இரத்தம் ஓடுவதானால் அது இன்றி முடியாது. எபிடியூரல் இடைவெளியில் மெல்லிய நாளங்கள் உண்டு என்றோம். ஊசி அவற்றில் ஒன்றைக் காயப்படுத்தி, அந்நேரம் இரத்தம் உறையும் தன்மையும் இல்லாதிருந்தால், ஒடுங்கிய அந்த இடத்துக்குள் இரத்தம் கசிந்து தேங்கி முண்ணாணை நசுக்கும். சில மணித்தியாலங்களுக்குள் கண்டுபிடித்து அகற்றாவிட்டால் இரண்டு கால்களும் நிரந்தரமாக வழங்காமற் போகலாம். இது மிக அரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கணிப்பொன்று, சுமார் 3,500 பேரில் ஒருவருக்கு நேரலாம் என்கிறது. பெங்களூர்க் கணக்கில் நால்வருக்குத் தற்காலிக நரம்புக் குறைபாடு ஏற்பட்டுப் பின் நீங்கியது. நிரந்தரப் பாதிப்பு எவருக்கும் இல்லை. ஆனாலும் அரிய ஆபத்து நேர்ந்தவருக்கு அது முழு ஆபத்து. மண்வெட்டி பிடித்து வாழும் ஒருவருக்குக் கால் வழங்காமற் போவது எப்படியானது என்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எபிடியூரலால் கிடைக்கும் நன்மையின் அளவைப் பற்றியும் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒல்லாந்தில் 654 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் எபிடியூரல் சேர்த்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தீங்குகளில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அதே ஆண்டில் வந்த ஓர் ஆங்கிலேய ஆய்வு, இயங்கும் இருதயத்தில் செய்த பைபாஸில் எபிடியூரல் போடப்பட்டவர்களுக்கு இருதயத் துடிப்புக் கோளாறு குறைந்ததாகவும், அவர்கள் விரைவில் வீடு திரும்பியதாகவும் கூறியது. நோ குறைகின்றது என்பதை எவரும் மறுப்பதில்லை. அந்த நோவை ஆபத்துக் குறைந்த வேறு வழியால் குறைக்க முடியாதா என்பதே கேள்வி.

வேறு வழிகள் உண்டு. மோர்ஃபினை நாளத்தினூடாக அளந்து கொடுப்பது பழைய வழி. இன்றும் அதுவே பல இடங்களில் முதன்மையானது. "மோர்ஃபின் போட்டால் பழகிப்போய்விடும்" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கின்றோம். சத்திரசிகிச்சையின் பின் சில நாட்களுக்கு வைத்தியரின் கண்காணிப்பில் அளவாகக் கொடுப்பதால் ஒருவர் அதற்கு அடிமையாகிவிடுவது மிக அரிது. அதனோடு பரசிற்றமோலையும் ஒழுங்காகக் கொடுத்தால் மோர்ஃபின் தேவை குறையும். முதுகுத் தசைகளுக்கு இடையிலும் நெஞ்செலும்பின் ஓரத்திலும் விறைப்பு மருந்தை ஏற்றும் புதிய முறைகளும் கடந்த பத்து ஆண்டுகளில் பரவி வருகின்றன. அவற்றில் ஊசி முண்ணாணுக்கு அருகே போவதில்லை. எந்த முறை என்பதை நோயாளியின் நிலையையும், அவர் எடுக்கும் மருந்துகளையும், அவ்விடத்தில் உள்ள அனுபவத்தையும் பார்த்து நிபுணர் தீர்மானிப்பார்.

இன்னொரு பயத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். "முதுகில ஊசி போட்ட நாள் தொட்டு நாரி நோ" என்று எமது தாய்மார் பலர் சொல்வர். ஊசி போட்ட இடம் சில நாட்கள் நொந்திருக்கும். நீண்டகால நாரி நோவுக்கு எபிடியூரல் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளை சுமந்த உடலும், குனிந்து களை பிடுங்கும் வேலையும், தண்ணீர்க் குடம் தூக்கலும் அதற்குப் போதுமான காரணங்கள்.

குளிசையும் கிளினிக் கொப்பியும்

ஊசியின் ஆபத்து இரத்தம் உறையாமையில் இருப்பதால், நோயாளி எடுக்கும் குளிசைகளைப் பற்றிய உண்மை மிக அவசியம். அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் ஆகியன இரத்தம் உறைவதைத் தடுப்பவை. குளோப்பிடோகிரெல், வார்ஃபரின் ஆகியவற்றைச் சத்திரசிகிச்சைக்குப் பல நாட்களுக்கு முன் நிறுத்தவேண்டி வரும். அவற்றை நிறுத்தும் திகதியை வைத்தியர் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பும், வால்வு மாற்றியவர்களுக்குப் பக்கவாதமும் வந்திருக்கின்றன. நாட்டு வைத்தியரிடம் வாங்கிய குளிகையையும், தைலத்தையும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சத்து மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். ஏசினாலும் பரவாயில்லை.

இடம்பெயர்ந்தவர்களின் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களிடமும், 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களிடமும் பழைய வைத்தியப் பதிவுகள் இல்லை. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்ததா, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனது, முன்பு எந்த ஒப்பரேஷனில் என்ன நடந்தது என்பதெல்லாம் தாய்மாரின் நினைவில்தான் இருக்கின்றன. அந்தத் தாய்மாருக்கும் வயதாகிவிட்டது. கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். உடலில் தங்கிய ஷெல் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். முதுகில் துண்டு உள்ளவருக்கு ஊசி போட முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

சுருட்டு, பீடி, சிகரெட் புகைப்பவர்கள் சத்திரசிகிச்சைக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே விட்டுவிட வேண்டும். புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த ஊரவர்களிடம் இதைச் சொல்வது எமக்கும் இலகுவாக இல்லை. ஆனாலும் புகைத்தவருக்குச் சளி கூட, இருமல் கூட, இருமும் ஒவ்வொரு முறையும் நோவும் கூட.

எபிடியூரல் போடப்பட்டவர் எவராயினும், குழாய் முதுகில் உள்ளபோதோ எடுத்த பின்னரோ, கால்கள் திடீரெனப் பலமிழந்தால், விறைத்தால், முதுகில் புதிதாகக் கடும் நோ வந்தால், சிறுநீர் போகாவிட்டால், நடுச்சாமமாயினும் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. இதில் மணித்தியாலங்களே கணக்கு.

நோவைச் சொல்வது பாவமா?

விடுதியில் தாதி வந்து, "பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் உங்கள் நோ எவ்வளவு?" என்று கேட்பார். எமது மக்கள் சொல்லும் பதில், "பரவாயில்லை மிஸ்". நோயாளரைச் சந்திக்கப் போகும்போது நாம் இதைப் பல முறை கண்டிருக்கின்றோம். கட்டிலின் விளிம்பை விரல்கள் வெளிறும்படி பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்பார்கள். முகாமில் குறை சொன்னவனுக்கு என்ன கிடைத்தது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். கரைச்சல் கொடுக்காதவர் என்ற பெயரே தமக்குப் பாதுகாப்பு என்று பழகிவிட்டார்கள். விடுதியில் அப்பழக்கம் ஆளைக் கொல்லலாம். எட்டு என்றால் எட்டு என்றே சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவை மாற்றுகின்றார்கள்.

கத்தோலிக்கரிடம் வேறொரு தடை. ஆண்டவர் சிலுவையில் பாடுபட்டபோது வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஏற்கவில்லையே, நாம் மருந்து கேட்பது சரியா என்று ஒரு மூதாட்டி எம்மிடம் கேட்டார். இக்கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. இத்தாலிய மயக்க மருந்து வைத்தியர் சங்கத்தினர் இதையே பாப்பரசரிடம் முன்வைத்தனர். பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பெப்ரவரி 24ஆம் நாள் அவர்களுக்குப் பதிலளித்தார். துன்பத்தை விசுவாசத்தோடு ஏற்பவரின் மேன்மையை அவர் குறைக்கவில்லை. ஆனால் நோவை நீக்கும் மருந்தை மறுக்க வேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவருக்கு இல்லை எனத் தெளிவுபடுத்தினார். இரண்டாம் அருள் சின்னப்பர் மனிதத் துன்பத்தைப் பற்றி 1984இல் எழுதிய திருமடலில் நல்ல சமாரியனைப் பற்றியும் தியானிக்கின்றார். அந்தச் சமாரியன் காயப்பட்டவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. எண்ணெய் வார்த்தான். மூதாட்டிக்கு நாம் சொன்னது அவ்வளவே.

கிழமைகளின் கணக்கு

ஐயா மீண்டும் கிளினிக்குக்குப் போனார். மகளும் நாமும் கூடப் போனோம். மயக்க மருந்து நிபுணர் அவருடைய கொப்பியைப் பார்த்து, கழுத்து எலும்புத் தேய்வையும் அவர் எடுத்துவந்த குளிசைகளையும் கவனித்து, எபிடியூரல் அவருக்கு வேண்டாம் எனத் தீர்மானித்தார். முழு மயக்கம், பின்னர் அளந்து மோர்ஃபினும் பரசிற்றமோலும் என்றார். ஏன் என்பதையும் தமிழில் பொறுமையாக விளக்கினார். ஐயா கேட்டது ஒன்றுதான்: "நோ வந்தால் சொல்லலாமோ?" சொல்ல வேண்டும் என்றார் வைத்தியர்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் நாம் போனபோது எண் ஏழு. மருந்தைக் கூட்டினார்கள். பின்னேரம் நான்கு. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சி மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்தும் முழுதாக எழும்பவில்லை, நான்காம் நாள் இரண்டு எழும்பின. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பழக்கினார்கள். காயம் விரிவதுபோன்ற உணர்வு அதனால் குறையும். வீட்டில் மடித்த சாரமும் போதும்.

அரிந்த நெஞ்செலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதுவரை கிணற்றில் அள்ளுதல், மண்வெட்டி, கோடரி, சைக்கிள், உர மூடை எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். கையை ஊன்றிப் பாயிலிருந்து எழும்புவதும் கூடாது. ஆகவே பாயில் படுப்பவர்களுக்கு ஒரு கட்டில் இரவலாகவேனும் வேண்டும். குத்தகைக் காணியில் ஒரு போகம் தவறினால் வரும் கடனை நாம் அறிவோம். ஐயாவின் வெங்காயத்தை அயலவர் மூவர் முறை வைத்து இறைத்தார்கள்.

ஒன்பதாவது கிழமை நாம் போனபோது அவர் வரம்பில் கதிரை போட்டு இருந்தார். பேரன் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். அவன் அடைத்த வாய் சரியாக இறுகாமல் தண்ணீர் கசிவதைப் பார்த்து ஐயா இரண்டு முறை எழும்ப முயன்றார். மகள் இரண்டு முறையும் இருத்தினாள். அடுத்த கிளினிக்கில் மண்வெட்டியைப் பற்றிக் கேட்பதற்குக் கொப்பியின் பின் மட்டையில் எழுதி வைத்திருந்தார்.